நாகேந்திரன் சுமந்த மீன்

நாகேந்திரனுக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு. போதும். கெட்ட வார்த்தையில் திட்டினால் சிரித்துக்கொண்டே திருப்பித் திட்டுவான். போதும் என்று சொல்லிவிட்டால் மட்டும் மூக்கு விடைத்துக்கொள்ளும், வேட்டி மடிந்துவிடும், சண்டைதான். அதையே தெலுங்கில் 'சாலு' என்றாலும் அதே கதிதான். ஆந்திர எல்லையில் பாலசமுத்திரம் பக்கத்தில் குடியிருக்கிறவனுக்கு இரண்டு மொழியிலும் கோபப்பட வசதி உண்டு.

காரணம் இல்லாமல் இல்லை. நாவல்பேட்டில் ஏரிக்கரை முடிகிற இடத்தில் இருக்கும் கோடித்தெருவில் பிறந்தவன் அவன். அந்தத் தெருவுக்கு அப்போது காலடி மண்கூடச் சொந்தம் கிடையாது. ஊர்க் கல்யாணங்களில் கடைசிப் பந்தி, அதிலும் கடைசி வரிசை. பரிமாறுகிறவன் கரண்டியை வாளியில் காட்டி எடுத்துவிட்டு, "போதும் போதும், எழுந்திரு" என்பான். இலைக்கு முன்னால் இருக்கிறவன் சொல்ல வேண்டியதை வாளி வைத்திருக்கிறவன் சொல்வது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இந்தப் படிப்பு உனக்குப் போதும் என்றார்கள். கரும்பு வெட்டப் போன இடத்தில் இந்தக் கூலி உனக்குப் போதும் என்றார்கள். இப்போது காலம் மாறிவிட்டது. தெருவில் பாதி வீடுகளுக்குக் கொஞ்சம் மாந்தோப்போ கரும்போ இருக்கிறது. நாகேந்திரனும் ரேணிகுண்டாப் பட்டறையில் பல வருஷம் இரும்படித்துவிட்டுத் திரும்பி வந்து, சொந்த நிலத்தில் வேர்க்கடலை போடுகிறான். அந்தச் சொல்லின் மேல் இருந்த எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

அந்த எரிச்சல்தான் ஏரியில் போய் விழுந்தது.

நாவல்பேட்டு ஏரியின் மீன் குத்தகைக்கு ஒரு வழக்கம் உண்டு. வலை போடும் நாளில், குத்தகைக்காரன் முதல் மீனைத் தோளில் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றி வந்து கங்கம்மா கோயிலில் வைக்க வேண்டும். கூடையில் கொண்டுபோகக் கூடாது, கையில் தொங்கவிடக் கூடாது, தோளில் வைத்தபின் கையால் பிடிக்கவும் கூடாது. தோளில்தான் வர வேண்டும். முன்னால் தப்பட்டை போகும். அதன் பிறகு ஊருக்கே மீன் சாப்பாடு. மீன் எவ்வளவு பெரிதோ அந்த வருஷம் குத்தகைக்காரனின் மீசையும் அவ்வளவு பெரிது.

அந்தத் தப்பட்டையை மீசை அரும்பிய நாளிலிருந்து அடித்து வந்தவர் ரங்கையா, நாகேந்திரனின் அப்பா. அவர் பார்க்காத மீன் இல்லை. ஆனால் ஒன்றைக்கூட நேராகப் பார்த்ததில்லை. தப்பட்டைக்காரன் முன்னால் போக வேண்டியவன், திரும்பினால் தாளம் தப்பும். "ஊர்ல ஒருத்தன் மீனக்கூட நான் கண்ணால பாக்கல. நாத்தத்த மட்டும் முதுகுல வாங்கிக்கினேன்" என்பார்.

நாகேந்திரன் ஏலம் கேட்டு, கோடித்தெருக்காரன் ஒருவனுக்கு முதன்முறையாக ஏரி கிடைத்ததும் தெருவில் வெடி வெடித்தார்கள். ரங்கையா மட்டும் வெற்றிலையை மென்றபடி யோசித்தார்.

"டேய் நாகா, இந்த தபா நான் தப்பட்டைய தொட மாட்டேன். வேற ஆள பாத்துக்கோ."

"பின்ன நீ இன்னா பண்ணப்போற நைனா?"

"கைய பின்னால கட்டிக்கினு முன்னால நடப்பேன். எம்மாந் தூரம் வேணும்னாலும் நடப்பேன். எப்ப தோணுதோ அப்ப திரும்பி மீன பாப்பேன்."

நாகேந்திரன் அழுகிற ஆள் இல்லை என்பதால் சத்தம் போட்டான். "நீ திரும்பி பாக்கறப்போ மீனு வாலு என் முட்டிய இடிச்சிக்கினு வரும். அந்த மாதிரி மீன கொண்டாறேன், பாத்துக்கினே இரு!"

சொன்னது தெருவுக்கே கேட்டது. சொன்ன பிறகு அதைத் திரும்ப வாங்க முடியாது.

மீன் குஞ்சு வாங்க காளஹஸ்திப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனான். பண்ணைக்காரன் ரமணா நல்ல மாதிரி. ஏரி எவ்வளவு விரிவு, கோடையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், அடியில் சேறா மணலா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் கட்லாவும் ரோகுவும் கட்டி வைத்தான். வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"ஈ செருவுக்கி இதி சாலு அன்னா" என்றான். இந்த ஏரிக்கு இது போதும் என்றான்.

நாகேந்திரனுக்கு மூக்கு விடைத்தது. "சாலா? ஊர்ப் பெரிய மனுசன் வந்து கேட்டா இன்னும் கட்டுவ இல்ல? நான் கேட்டா சாலா?"

"பெரிய மனுசன் வந்தாலும் இதேதான் அன்னா. தண்ணிக்கு ஆள் தெரியாது. அதுல எம்மாந் தீனி கீதோ அதுக்குத்தான் மீனு."

"டபுளா கட்டு."

ரமணா தலையைச் சொறிந்தான். இரண்டு மடங்கு வாங்குகிறேன் என்பவனைத் தடுத்து நிறுத்தும் வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. கட்டினான். மறுவாரம் நாகேந்திரன் மறுபடி வந்து இன்னொரு ஆட்டோ நிறைய ஏற்றிக்கொண்டு போனான்.

ஆட்டோவைப் பார்த்ததும் அவன் மனைவி தேவயானி இடுப்பில் கை வைத்தாள். "இன்னாய்யா இது? நம்ம வீட்டுக்கு மட்டும் ஒல வெச்சிட்டு தெருவையே பந்திக்கு கூப்ட்டா, எல்லாருக்கும் அர வயிறுதான்."

"ஏரி இன்னா உன் சோத்துப் பானையா?"

ஏரி சோற்றுப் பானையேதான். தண்ணீரில் வெயில் விழுந்து விளைகிற பாசியும் பூச்சியும்தான் அதில் சோறு, அது ஓர் அளவுக்குத்தான் விளையும். தேவயானி தினமும் பானை வைக்கிறவள், அதனால் சொன்னாள். நாகேந்திரன் தினமும் சாப்பிடுகிறவன், அதனால் கேட்கவில்லை.

அதே பருவத்தில் தேவயானியின் தம்பி தங்கவேலு பக்கத்துக் கொல்லமேட்டில் ஒரு குட்டையைக் குத்தகை எடுத்திருந்தான். அவனும் ரமணாவிடம்தான் குஞ்சு வாங்கினான், ரமணா சொன்ன அளவுக்கு. பைகளைப் பைக்கில் கட்டிக்கொண்டு வருகிற வழியில் ஒயின் ஷாப் ஒன்று குறுக்கே வந்துவிட்டது. அவன் வெளியே வருவதற்குள் வெயிலில் பாதிக் குஞ்சு செத்துப் போயிற்று. மிச்சத்தைக் குட்டையில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் அதன் பிறகு குட்டைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அவன் பெயரை எடுத்தாலே நாகேந்திரன், "அவனெல்லாம் ஒரு மனுசன்" என்று காறித் துப்புவான்.

நாகேந்திரன் அப்படி இல்லை. காவல் காத்தான். முதல் எதிரி விரால். விரால் மற்ற மீன் குஞ்சுகளைப் பிடித்துத் தின்கிற மீன் என்று யாரோ சொல்ல, ஏரியில் இருந்த விராலையெல்லாம் தூண்டில் போட்டுப் பிடித்தான். ரங்கையா இந்த யுத்தத்தில் மகனுக்கு முழு ஒத்துழைப்பு கொடுத்தார், குழம்பாக. விரால் ஒழிந்ததும் ஏரியில் யாரும் விடாமலே கிடந்த ஜிலேபி மீனுக்குக் கொண்டாட்டம் ஆகிவிட்டது. அது குஞ்சுகளை வாயிலேயே வைத்துக் காப்பாற்றுகிற ஜாதி. அதைப் பிடித்துத் தின்னவும் இப்போது ஆள் இல்லை. கரையோரமெல்லாம் பொடிக் குஞ்சு கொதித்தது. அதைப் பார்த்து நாகேந்திரன் பூரித்துப் போனான். ஒன்றும் செலவழிக்காமல் மீன் பெருகுகிறதே!

இரண்டாவது எதிரி நீர்க்காகம். கூட்டமாக வந்து முங்கி முங்கி எடுக்கும். தகரம் தட்டினான், ஊசி வெடி வெடித்தான், பழைய சட்டைகளை மரத்தில் கட்டினான். காகங்கள் அலுத்துப்போய் எழுந்து கொல்லமேட்டுக் குட்டைக்குப் பறந்தன. போகட்டும், அந்தச் சோம்பேறியின் மீனைத் தின்னட்டும் என்று நாகேந்திரன் கையைத் தட்டிக்கொண்டான்.

மூன்றாவது எதிரி மனிதர்கள். தெருக்காரர்கள் குழம்புக்கு நாலு மீன் கேட்டார்கள். "வலை போடற நாளு வரைக்கும் ஒரு குஞ்சு வெளிய போவாது" என்று சொல்லிவிட்டான். தேவயானியே கேட்டபோதும் அதே பதில்தான். ஏரி நிறைய மீன் வைத்துக்கொண்டு புத்தூர் சந்தையில் மீன் வாங்கிக் குழம்பு வைத்த ஒரே பெண் அவள்தான். அந்தக் குழம்பை அவன் தட்டில் ஊற்றும்போதெல்லாம் கரண்டி சற்று பலமாகவே தட்டில் இடித்தது.

மாதங்கள் போயின. ஏரியில் கல்லைப் போட்டால் மீன் மேல் விழுமோ என்கிற அளவுக்குக் கூட்டம். பார்க்க ஆட்கள் வந்தார்கள். நாகேந்திரன் கரையில் நின்று தன் சொந்த மீன்களைக் கை நீட்டிக் காட்டினான். ஒரே ஒரு குறைதான். வந்த மீன் வந்த மேனிக்கே இருந்தது. மழைக்காலம் போயிற்று, பனிக்காலம் போயிற்று, கட்லா உள்ளங்கை நீளத்துக்குமேல் போக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. தவிட்டைக் கொட்டினான். கடலைப் புண்ணாக்கைக் கொட்டினான்.

ரங்கையா கரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "டேய், இதுங்க துன்னுதா, இல்ல விரதம் கிரதம் இருக்குதா?"

வெயில் இல்லாமல் மேகம் மூடிக் கிடந்த ஒரு வாரத்தில் மீன்களெல்லாம் விடியலில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது போல என்று நாகேந்திரன் இன்னும் இரண்டு மூட்டைத் தவிட்டைக் கொட்டினான். அவை கேட்டது சோறு இல்லை, மூச்சு. இருந்த காற்றை அத்தனை உயிரும் பங்கு போட்டது போக மிச்சத்தைத் தவிடு அழுகிக் குடித்துவிட்டது. மறுநாள் காலை ஏரியோரம் வெள்ளையாக மிதந்தது. யார் கண்ணிலும் படுவதற்குள் வாரிக்கொண்டு போய்த் தன் தென்னை மரத்தடியில் புதைத்தான். அந்த வருஷம் அவன் ஏரியால் செழித்த ஒரே உயிர் அந்தத் தென்னைதான்.

ரமணாவுக்குப் போன் போட்டுக் கத்தினான். "குள்ள ஜாதிக் குஞ்சா பாத்து எந்தலையில கட்டிட்டியா?"

"அன்னா, அதே தொட்டிக் குஞ்சத்தான் உங்க மச்சானும் வாங்கினு போனாரு. போயி அத்த பாத்துட்டு வந்து பேசு."

நாகேந்திரன் போய்ப் பார்க்கவில்லை. அந்தச் சோம்பேறியின் குட்டையைப் பார்க்கப் போவதா? மானம் இருக்கிறதே.

ஊர்த் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரை வந்தது. வலை போடும் காலை. ரங்கையா சலவை வேட்டி கட்டி, புதுத் துண்டைப் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி கரையில் இப்படியும் அப்படியும் நடந்து பழகிக்கொண்டிருந்தார். புத்தூரிலிருந்து வந்த தப்பட்டைக்காரன் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சினான். அவன் காய்ச்சுகிற விதம் சரியில்லை என்று ரங்கையா இரண்டு தடவை சொன்னார். ஊர் முழுக்கக் கரையில் நின்றது.

வலை அசையவில்லை. அவ்வளவு கனம். கோடித்தெரு ஆண்கள் எல்லாரும் இறங்கி இழுத்தார்கள், பெண்கள் சேலையை வரிந்துகொண்டு கூடச் சேர்ந்தார்கள். நாகேந்திரன் தோளைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டான். வால் முட்டியை இடிக்கப்போகிறது! வலை கரையேறியது. உள்ளே ஆயிரக்கணக்கில், வெள்ளி வெள்ளியாக, துள்ளித் துள்ளி, எல்லாம் உள்ளங்கை நீளம். பெரியது என்றால் முழக்கையில் பாதி.

கரையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"நெத்திலியா அண்ணே?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான், கரை வெடித்துச் சிரித்தது.

மறுபடி வலை போட்டான். மறுபடி அதே கனம், அதே உள்ளங்கை நீளம். ஏரி அவனை ஏமாற்றவில்லை. மற்ற வருஷங்களில் எவ்வளவு கொடுக்குமோ ஏறக்குறைய அவ்வளவு பாரம் இந்த வருஷமும் கொடுத்துவிட்டது. கொஞ்ச மீன்களுக்குச் சேர வேண்டிய சதையை ஊர்ப்பட்ட மீன்கள் ஆளுக்கு ஒரு கிள்ளு கிள்ளிக்கொண்டன.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கவேலு பைக்கில் வந்து இறங்கினான். பின்னால் ஈரக் கோணியில் சுற்றி ஏதோ கட்டியிருந்தது. அவிழ்த்தான். கட்லா. தலை மட்டுமே ஒரு சட்டிக்கு வரும். தூக்க இரண்டு கை பத்தவில்லை.

"எங்கடா புடிச்ச இத்த?" என்றான் நாகேந்திரன்.

"நம்ம குட்டைலதான் மாமா. இன்னும் கீது."

"இன்னாடா போட்ட அதுக்கு?"

"நான் இன்னாத்த போட்டேன்? தூங்கினு கெடந்தேன். வாங்கினு வர்றப்பவே பாதி பூட்ச்சி. அப்பறம் எங்கேருந்தோ நீர்க்காக்கா கூட்டம் ஒன்னு வந்து துன்னுச்சி. ஊர்க்காரனுங்க வேற திருடிக்கினு போனானுங்க. மிச்சம் மீதி இருந்ததுதான் மாமா இது."

நாகேந்திரன் அவனையே பார்த்தான். வெடி வாங்கி, தொண்டை வறள, வருஷம் முழுக்கக் கண் எரிய யாரை விரட்டினானோ அவர்கள் எல்லாரும் கொல்லமேட்டில் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்திருக்கிறார்கள். குறைத்துக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மிஞ்சியது நிம்மதியாகத் தின்று வளர்ந்திருக்கிறது. அவனுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டுமே கூட்டத்துக்கு முன்னால் ஆகாது என்று வாயை இறுக்கிக்கொண்டான்.

தங்கவேலு காதோரம் வந்தான். "மாமா, இத்த தோள்ல போட்டுக்கோ. உனுக்குத்தான் எடுத்துக்கினு வந்தேன். யார் ஏரின்னு மீனு மேல எழுதியா கீது?"

சோம்பேறிக்கும் மனசு இருந்தது. நாகேந்திரன் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு குனிந்து தூக்கினான். தோளில் மீன் பாந்தமாக உட்கார்ந்தது. வால் முட்டியை இடித்தது. தப்பட்டைக்காரன் குச்சியை ஓங்கினான். கூட்டத்தில் சிரிப்பு நின்றது.

முன்னால் நின்ற ரங்கையா திரும்பிப் பார்த்தார்.

"யார் மீனுடா அது?"

நாகேந்திரன் தோளை ஏற்றி மீனைச் சரிசெய்தான்.

"உன்னத்தான் கேக்கறேன். யார் மீனு?"

"தங்கவேலுது, நைனா."

ரங்கையா கிட்டே வந்தார். மீனின் வாலை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "நல்ல மீனுதான். நான் ஆயுசு பூரா அடுத்தவன் மீனுக்கு முன்னால நடந்தேன். நீ அடுத்தவன் மீன தூக்கிக்கினு பின்னால வர்ற. அப்பறம் உனுக்கும் எனுக்கும் இன்னாடா வித்தியாசம்?"

"நான் இன்னா அடுத்தவனா பெரிய மாமா?" என்று தங்கவேலு இழுத்தான்.

"நீ சும்மா கெட."

நாகேந்திரன் கட்லாவை இறக்கித் தங்கவேலுவின் கையில் கொடுத்தான். வலைப் பக்கம் போய், இருப்பதில் பெரியதைத் தேடினான். தேடுவதற்கு ஒன்றும் இல்லை. ஒன்றை எடுத்துத் தோளில் வைத்தான். வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது. கடைசியில் தலையைச் சாய்த்துக் கன்னத்தால் அமுக்கிக்கொண்டான், பைக் ஓட்டிக்கொண்டே போன் பேசுகிறவனைப் போல. கையால் பிடித்தால்தானே வழக்கத்துக்கு விரோதம், கன்னத்தைப் பற்றி யாரும் சொல்லி வைக்கவில்லை.

தப்பட்டை முழங்கியது. ஊர்வலம் கிளம்பியது. "நாகேந்திரா, பாரம் தாங்கலயா, நாங்க ஒரு கை புடிக்கட்டா?" என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். "பாத்துப் போ, முதுவு முறிஞ்சிடப்போவுது!" அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏரியில் போய் விழலாம் என்றால் அங்கேயும் இடம் இல்லை. கண் முன்னால் தெரிந்தது அப்பாவின் முதுகு மட்டும்தான். ரங்கையா கையைப் பின்னால் கட்டியிருந்தார். சிரிக்கவில்லை, தலை குனியவும் இல்லை. பத்தடிக்கு ஒரு தரம் நின்று, திரும்பி, மகன் தோளில் இருந்த அந்த அரைக்கை மீனை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு நடந்தார். தெருவில் ஒரு வீட்டைக்கூட விடாமல் சுற்றினார்.

கோயிலில் பூசாரி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டுதான் மீனைக் கண்டுபிடித்தார். கங்கம்மா ஒன்றும் சொல்லவில்லை.

துண்டு போட முடியாத மீனில் எப்படிக் குழம்பு வைப்பது என்று எல்லாரும் கையைப் பிசைந்தபோது, தேவயானி சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டி, அண்டா அண்டாவாக எண்ணெய் வைத்து, முழுசு முழுசாகப் பொரித்துத் தள்ளினாள். பொரித்தது குறையவே இல்லை. வாளியை நாகேந்திரன்தான் தூக்கினான். முதல் பந்தியில் யார் உட்கார்வது என்று ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போதே, கோடித்தெரு ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மீன் வாசனை அப்படி.

ரங்கையா முதல் இலையில் உட்கார்ந்தார். நாகேந்திரன் கை நிறைய அள்ளி வைத்தான். முள்ளோடு கடித்துத் தின்றார். மறுபடி வைத்தான். தின்றார். மறுபடியும் வைத்தான்.

"அடுத்த வருஷம் அந்த நீர்க்காக்காங்கள வெரட்டாத" என்றார், வாய் நிறைய மென்றுகொண்டே. "பாவம், நல்ல வேலக்காரங்க."

நாகேந்திரன் இன்னொரு கை அள்ளினான். ரங்கையா இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்து மறித்தார். உதடெல்லாம் எண்ணெய், நெற்றியெல்லாம் வியர்வை. ஓர் ஏப்பம் விட்டார்.

"போதும்டா."

நாகேந்திரன் அள்ளிய கையோடு அப்படியே நின்றான். மூக்கு விடைக்கவில்லை. இலைக்கு முன்னால் இருக்கிறவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான். தோள் முழுக்க மீன் நாற்றம். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனான்.